எங்கள் தெருவின் பி.பி. நம்பர்

எண்பதுகளில் அம்பத்தூரில் வேலைக்கு மனுப் போட்ட எல்லாரும் காகிதத்தின் அடியில் ஒரு போன் நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போடுவார்கள். நம்பர் என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது, சொன்னால் கூப்பிட்டு விடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். எங்கள் தெருவில் முப்பது வீடு. முப்பது வீட்டு மனுவிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஒரே நம்பர்தான் இருந்தது. அது எங்கள் எதிர்வரிசையில் மூன்றாவது வீடு, ஆன்ட்டி வீடு.

அவருக்குப் பெயர் இருந்தது. நாங்கள் யாரும் சொன்னதில்லை. சின்னவர்களுக்கு ஆன்ட்டி, பெரியவர்களுக்குப் போன்காரம்மா. வீட்டுக்காரர் டெலிபோன் இலாகாவில் கம்பமேறும் வேலை, அதனால் அந்த வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல், அதன்மேல் அந்தக் கறுப்பு போன், அதன்மேல் ஆன்ட்டியே பின்னிய வெள்ளை நூல் உறை. யார் வந்து பேசினாலும் அவர் காசு கேட்டதில்லை. போன் பேசப் போனவர்களுக்கு டீ வேறு கிடைக்கும்.

நல்ல சேதியென்றால் அவருக்கு இரண்டு நிமிஷம் தாங்காது. ரிசீவரைக் கீழே வைத்த கையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்து தெருவில் நின்று கத்துவார். “ஏழாம் ஊட்டு அக்கா, ஒம் பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துகீது, ரெண்டரை கிலோவாம்.” சம்பந்தப்பட்ட அக்காவுக்குத் தெரிவதற்கு முன்னால் முனைக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்த சேதியைக்கூட நான் கீரைக்காரி சொல்லித்தான் கேட்டேன்.

கெட்ட சேதிக்கு வேறு முறை. போன் மணி அடிக்கும், நிற்கும். அப்புறம் அந்த வீட்டு வாசல் கதவு சாத்திக்கொள்ளும். அரை மணி, முக்கால் மணி கழித்து ஆன்ட்டி வெளியே வருவார். முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினவர் மாதிரி இருப்பார். யாருக்குச் சேதியோ அவர் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்பார்.

“இன்னாம்மா, சாப்டியா?”

இல்லையென்றால், “சாப்டு கண்ணு, நான் அப்பால வரேன்” என்று திரும்பிப் போய்விடுவார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவார். சாப்பிட்டாச்சு என்றால் டீ போடச் சொல்லி, அதைக் குடிக்க வைத்துவிட்டுச் சொல்லுவார். கேட்டால், “சாவு ஊட்ல பொணம் எடுக்கற வரிக்கும் எவ ஒனக்குச் சோறு போடுவா? வயித்துல எதுனா இருந்தாத்தான் அழுவறதுக்கே தெம்பு இருக்கும்” என்பார். தையல்காரர் வீட்டு அக்காவுக்கு அவர் தங்கை போன சேதியை இப்படித்தான், இரண்டு கரண்டி தயிர்சாதத்தைக் கூட வைத்துத் தின்ன வைத்துவிட்டுச் சொன்னார். அந்த அக்கா அப்புறம் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. போன்காரம்மா ஊட்டின சோறுதான் என்னை உட்கார வைத்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

இதில் கஷ்டம் என்னவென்றால், ஆன்ட்டி தினமும் எல்லாரையும் சாப்டியா என்று கேட்பார். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது கேட்பார், பஸ்ஸுக்கு ஓடும்போது கேட்பார். எந்தக் கேள்வி வெறும் கேள்வி, எது மற்றது என்று தெரியாது. காலையில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டால் மத்தியானம் வரைக்கும் அவர் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவருடைய முகத்தையும் கழுத்தையும் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன், பவுடர் புதிதா பழசா என்று. தெருவில் பொம்பளைகள் இதையே பேசிச் சிரிப்பார்கள். “எழவு சொல்ல பவுடர் பூசிக்கினு வர்ற பொம்பளய இங்கதான் பாக்கறேன்” என்பார் கோடிவீட்டு அம்மா. நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு அவருடைய முறை பிடிக்கவில்லை. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும், கேட்டுவிட வேண்டும் என்கிற ஜாதி நான். என் அப்பா செத்தால் எனக்குத் தெரியும் முன்னால் எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிவதா, நான் சோறு தின்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பதா என்று என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளுவேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டே, “உங்கப்பா நல்லாத்தானே இருக்காரு” என்பார். அப்போது நன்றாகத்தான் இருந்தார். அரக்கோணத்தில் என் தம்பியோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவார். போனில் பேசுவதென்றால் அரக்கோணத்திலிருந்து அம்பத்தூருக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு ஓடிப் போவதற்குள் ஆன்ட்டி அவரோடு நாலு வார்த்தை பேசியிருப்பார். “இருமல் கொறஞ்சிச்சா நைனா? அந்த பீடிய தூக்கிப் போடு மொதல்ல.” ரிசீவருக்கு வெளியே அப்பாவின் சிரிப்பு கேட்கும். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் ஃபிட்டர் விஷயம் நடந்தது.

ஃபிட்டர் எங்கள் பக்கத்து வீடு. ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அந்த வாரம் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாங்காட்டில் அவருடைய அம்மா. பத்தரை மணிக்கு அங்கிருந்து அவருடைய அண்ணன் போன் செய்து, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, தம்பியை உடனே அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போனில் யாரும் செத்துப் போனதாகச் சொல்லமாட்டார்கள், அப்போதும் இப்போதும். முடியலை, உடனே வா என்றுதான் சொல்லுவார்கள். கேட்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். அத்தனை வருஷம் அத்தனை பேருடைய சேதியைக் கேட்ட ஆன்ட்டியும் அப்படித்தான் புரிந்துகொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது, பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டார். பதினோரு மணிக்கு ஃபிட்டர் வீட்டுக்கு வந்து, தூங்குகிறார் என்று அவர் பெண்டாட்டி சொன்னதும், “எழுப்பாத. எழுந்து சாப்டட்டும், அப்பால வரேன்” என்று திரும்பிப் போனார். ஃபிட்டர் பன்னிரண்டு மணிக்கு எழுந்து குளித்துச் சாப்பிட்டார். அப்புறம்தான் ஆன்ட்டி வந்து சேதியைச் சொன்னார். பூந்தமல்லி போய் பஸ் மாறி மாங்காடு போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி.

ஒரு மணி வரைக்கும் அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறார்.

காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு வந்த ஃபிட்டர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆன்ட்டி வீட்டு கேட்டுக்கு வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்துத் தெரு கூடிவிட்டது. அவர் கத்தாமல் பேசினதுதான் பயமாக இருந்தது.

“எங்கம்மா உசுரோட இருந்தாங்க. வாசலயே பாத்துகினு இருந்தாங்களாம், பெரியவன் வந்துட்டானே, சின்னவன் எங்கடான்னு. நான் இங்க ரசம் ஊத்தித் துன்னுகினு இருந்தேன். நீ துன்ன வச்ச.”

ஆன்ட்டி படியில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு பண்ணிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த மௌனம் எனக்கு ஆங்காரமாகப் பட்டது. கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை, ஆளுக்கொரு போன் வர வேண்டியிருந்ததே. நான் திறந்தேன்.

“இனிமே யாருக்கும் எதையும் மறைக்கக் கூடாது ஆன்ட்டி. போன் வந்த நிமிஷமே வந்து சொல்லணும். என்ன சொன்னாங்களோ அதைச் சொல்லணும். நாங்க சாப்டறதும் சாப்டாததும் எங்க பாடு.”

“சரிம்மா.”

“சும்மா சரின்னா போதாது. மாதா படத்து மேல சத்தியம் பண்ணுங்க.”

“எங்கள்ல சத்தியம் பண்ணக் கூடாதும்மா. பாவம்.”

“பெத்த தாய் முகத்தைப் பாக்க விடாம பண்ணதுதான் பாவம்” என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆன்ட்டி படத்தையும் என்னையும் பார்த்தார். அப்புறம் கண்ணாடிமேல் கையை வைத்தார்.

அந்த ஐப்பசியிலேயே என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுபடி சேர்த்தார்கள். நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றுகிற வேலையில் இருந்தேன். லீவு போட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டுத் திங்கள் வேலைக்கு வருவேன். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் காது எதிர்வரிசை மூன்றாவது வீட்டில் இருக்கும். மணி அடித்தால் அடுப்பைக் குறைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவேன். ஆன்ட்டி கேட்டைத் திறந்து எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்ப்பேன். இடதுபக்கம் திரும்பினால் மூச்சு வரும். வேறு யார் வீட்டிலோ எழவு விழட்டும் என்று நினைத்த நாட்கள் அவை. அதற்கு வெட்கப்பட்டேன், ஆனாலும் நினைத்தேன்.

எனக்கு ஒரே கவலை, சமயத்தில் சொல்லுவாரா என்பதுதான். ஒரு நாள் வழிமறித்துக் கேட்டேன். “எனக்கு உடனே சொல்லுவீங்கல்ல?”

“சொல்றேம்மா.”

“கம்பெனியில இருந்தாலும்?”

“எங்க இருந்தாலும் வந்து சொல்றேன்.”

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, காலை டீக்கு முன்னால், வாட்ச்மேன் வந்து உன்னைத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க என்றார். கையில் கம்பி சுற்றிய பாபினோடு எழுந்தேன், அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. வாசலுக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஐம்பது அடிதான் இருக்கும். அன்றைக்கு அதைக் கடக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. வெயிலில் ஆன்ட்டி நின்றிருந்தார். குடை இல்லை. வீட்டில் கட்டுகிற புடவை, கால் முழுக்கச் செம்மண். எஸ்டேட் ரோடு முழுக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. மூச்சு இரைத்தது. முகம் கல் மாதிரி இருந்தது, அதில் எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

“உங்கப்பா செத்துட்டாரும்மா. ஒம்போதே முக்காலுக்கு. உன் தம்பி பேசினான்.”

அவ்வளவுதான். தவறிட்டார் என்றுகூட இல்லை, செத்துட்டார். நான் கேட்டதுதான். நான் கேட்ட மாதிரியே, நின்ற இடத்தில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கிடைத்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. “இப்படியா சொல்லுவாங்க ஒருத்தர்கிட்ட?” என்றேன். அவர் தாடை இறுகியது. கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அரக்கோணம் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போனேன். ஜன்னலோர இடத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலை விற்கிறவன் வாங்கச் சொல்லி என்னையே இரண்டு தரம் கேட்டான். என் அப்பா செத்துட்டார் என்பது அந்தப் பெட்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும். திருவள்ளூர் தாண்டியதும் எனக்கு வந்த நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன். இந்தப் பொம்பளை ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ரொம்ப முடியலை, போ என்று சொல்லியிருந்தால் அரக்கோணம் வரைக்கும் எனக்கு அப்பா இருந்திருப்பார். அவரிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போயிருப்பேன்.

பதினாறு முடிந்து வந்தபோது நான் ஆன்ட்டியோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சண்டை என்று சொல்ல முடியாது, முன்னறையில் நின்றபடியே போன் பேசிவிட்டு வந்துவிடுவேன், டீ குடிப்பதில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் சத்தியத்தை அவர் விடவில்லை. அதற்கப்புறம் தெருவில் விழுந்த ஒவ்வொரு சாவையும் அதே மாதிரி, ரிசீவரை வைத்த நிமிஷமே வந்து, அதே கல்முகத்தோடு சொன்னார். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம்கூடச் சொன்னார். ஆன்ட்டி கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாலே தெருவில் பேச்சு நின்றுவிடும். கடைசியில் ஃபிட்டரே ஒரு நாள் என் வீட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டு, “இதுக்கு அந்தப் பழைய முறையே தேவலக்கா” என்றார். சாப்டியா என்று ஆன்ட்டி இப்போது யாரையும் கேட்பதுமில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

தொண்ணூறுகளில் எல்லாம் ஒரேயடியாக மாறியது. ஏரிப் பக்கத்துக் காலி நிலமெல்லாம் மனையானது, ஓட்டு வீடுகள் மாடி வீடானது, முனைக் கடைக்காரர் கடையைப் பாதியாக்கி எஸ்.டி.டி. பூத் வைத்தார். கேபிள் போடுகிறோம் என்று எங்கள் தெருவை நாலு மாசம் வெட்டிப் போட்டார்கள், பலகை வைத்துத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அதை மூடின கையோடு வரிசையாகப் போன் வந்தது. தொண்ணூற்றைந்தில் எங்கள் வீட்டிலும் வந்தது, பழுப்பு நிறத்தில், பட்டன் வைத்தது. யாருடைய சேதியும் யாருக்கும் தெரியாத தெருவாக மாறிப் போனோம். அப்போது எனக்கு அது விடுதலையாகத்தான் இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

புது நம்பரைச் சொல்லிவிட்டு வரலாம் என்று கொஞ்சம் இனிப்போடு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். முழங்கால் வலியில் அவர் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாள் கழித்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.

“இனிமே உங்களுக்கு எங்களால தொந்தரவு இல்ல ஆன்ட்டி.”

“நல்லதும்மா” என்றார். “இனிமே ஒனக்கு எது வந்தாலும் நான் வந்து சொல்லத் தேவல.”

அந்தக் குரலில் இருந்த நிம்மதி என்னைச் சீண்டியது. ஆறு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். “எங்கப்பா விஷயத்தை அன்னிக்கு ஏன் அப்படிப் பட்டுனு சொன்னீங்க? நான் ஏதோ வயசுக் கோளாறுல சத்தியம் வாங்கினேன். நீங்க பெரியவங்க, கொஞ்சம் தணிவா சொல்லியிருக்கக் கூடாதா?”

ஆன்ட்டி கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சோறு துன்னட்டும்னுதான் நான் அப்பல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டேன்னு நெனச்சீங்களா எல்லாரும்? அது பாதிதாம்மா. நீங்க சாப்புடற நேரந்தான் எனக்கு. கதவ சாத்திக்கினு அழுதுடுவேன். போன்ல பேசிப் பேசி ஒங்க ஊட்டு ஆளுங்க எல்லாம் எனக்குப் பழக்கம். மொதல்ல சேதி எனக்குத்தான வருது, எனக்கு மட்டும் வலிக்காதா? அழுது முடிச்சாத்தான் ஒங்க கையப் புடிச்சி நெதானமா சொல்ல முடியும். நானே அழுதுகினு வந்தா நீங்க இன்னா ஆவீங்க? மாங்காட்டு அம்மாக்கு அவங்க உசுரோட இருக்கசொல்லவே அழுதுட்டேன். அத நான் யாராண்ட சொல்ல முடியும் அன்னிக்கி?”

“அப்ப எங்கப்பாவுக்கு?”

“போன வச்ச ஒடனே செருப்பு கூடப் போடாம கெளம்பிட்டேன். சத்தியம் பண்ணிட்டனே. வழியில ஒடஞ்சிட்டா உன்னாண்ட வாய் வராதுன்னு பல்லக் கடிச்சிகினே வந்தேன். சொல்லிட்டு ஊட்டுக்குப் போயி ஒக்காந்தேன், அழுவ வரல. கெட்டியாப் பூடுச்சி. அதுக்கப்பால யாருக்குமே வரல.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “உங்கப்பாவுக்கு நான் இன்னும் அழுவலம்மா.”

நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.